மீன்தொட்டி கேள்வி – பதில்: ஃபில்டர் கழுவும் நாள்

இந்த முறை சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபில்டர் பற்றியவைதான். எப்போது கழுவுவது, எப்படிக் கழுவுவது, எவ்வளவு கழுவுவது? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். மாவட்டம் ஒன்றானாலும் தண்ணீர் ஒன்றல்ல. மேட்டூர்த் தண்ணி ஒரு வகை, போர் தண்ணி இன்னொரு வகை, மலைத் தண்ணி முற்றிலும் வேறு. பதிலும் அதற்குத் தகுந்தாற்போல் மாறும்.

எங்கள் வீட்டில் 2 அடி தொட்டி, 4 கோல்டுஃபிஷ். ஞாயிற்றுக்கிழமை நல்ல தண்ணி வந்ததும் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி, பாதித் தண்ணியும் மாற்றினேன். செவ்வாய்க்கிழமை தொட்டி கஞ்சித் தண்ணி மாதிரி ஆனது. புதன்கிழமை காலையில் 2 மீன் செத்து மிதந்தன. மீதி இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. சுத்தம் செய்தது தப்பா?
– வாசகி, அஸ்தம்பட்டி

சுத்தம் செய்தது தப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ததும், குழாயடியில் செய்ததும்தான் வினை.

ஸ்பாஞ்சைப் பிழிந்தால் கையில் ஒட்டுகிற காப்பிக் கலர் வழவழப்பை வெறும் அழுக்கு என்று நினைத்துவிடுகிறோம். அதில் மீன் எச்சமும் தீவனத் துணுக்கும் உண்டு. ஆனால் அந்த வழவழப்போடு ஒட்டிக்கொண்டு ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளையிலும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மீன் செவுள் வழியாக விடுகிற அமோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் சமாளிக்கக்கூடியது. இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு; கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் கொஞ்சம் இருக்கும், பெரும் கூட்டம் ஸ்பாஞ்சில்தான். நீங்கள் ஸ்பாஞ்சைக் கழுவியது நல்ல தண்ணி வந்த அன்றைக்கு, நேராகக் குழாயில். குடிநீர் வீட்டுக் குழாயை எட்டும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நம் குடலில் கிருமி சேராமல் காக்கிற அதே குளோரின் ஸ்பாஞ்சில் இருப்பவற்றையும் கொல்லும். தப்பியவை குழாயின் வேகத்தில் சாக்கடைக்குப் போயிருக்கும்.

செத்தவை திரும்ப வளர நாளாகும். தொட்டியைக் கஞ்சித் தண்ணியாக்கும் பாக்டீரியா வேறு இனம், மணிக்கணக்கில் பெருகிவிடும். அமோனியாவைத் தின்பவையோ இரட்டிப்பாகவே அரை நாள், ஒரு நாள் எடுக்கும். புதுத் தொட்டி சரியாக 4 முதல் 6 வாரம் ஆவதற்கு இதுதான் காரணம். உங்கள் தொட்டி இப்போது ஏறக்குறைய புதுத் தொட்டி.

போர் தண்ணியும் கலந்திருந்தால், அமில கார அளவான பிஎச் ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். தண்ணீரின் பிஎச் 8, வெப்பம் 28 டிகிரி என்றால் இருக்கிற அமோனியாவில் 6, 7 சதவீதம் கடும் விஷமான வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பிஎச் 7 என்றால் 1 சதவீதம்கூட இராது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. 3 நாள் தீவனம் போடாதீர்கள். கோல்டுஃபிஷ் பட்டினியில் சாகாது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஊற்றுகிற தண்ணீர் முந்தின நாளே திறந்த பக்கெட்டில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் நின்றதாக இருக்கட்டும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்து போதும். உள்ளே இருப்பது சோடியம் தயோசல்ஃபேட், பழைய ஆட்கள் சொல்லும் ஹைப்போ. படிகமாக வாங்கினால் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றரை மில்லி, 20 லிட்டர் பக்கெட்டில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுள்ள குளோரினை முறித்துவிடும்.

நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜன் ஏற்காது. வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு போட்டால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாமல் தடுக்கும். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டியின் முழுக் கொள்ளளவு 56 லிட்டர். கல், மேல் இடைவெளி போக 45 லிட்டர் என்று வைத்து, 45 கிராம் உப்பை ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து இரண்டு தவணையாக ஊற்றுங்கள். பிறகு மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் சேர்த்தால் போதும். உள்ளே செடி இருந்தால் இது ஒத்துவராது.

தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டிக்குள்ளேயே இரண்டு முறை பிழியச் சொல்லுங்கள். தண்ணீர் ஒரு மணி நேரம் கலங்கும், பயப்பட வேண்டாம். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட இதை நம்பலாம். பாட்டில்தான் வாங்குவீர்கள் என்றால் லேபிளில் நைட்ரோஸ்பைரா இருக்கிறதா என்று பாருங்கள். நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே நீண்ட நாள் எழுதிவந்தார்கள். அது நைட்ரோஸ்பைரா வகை என்று ஆய்வாளர் டிமத்தி ஹோவனெக் குழுவினர் 1998-ல் காட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 45 லிட்டரில் 4 கோல்டுஃபிஷ் அதிகம். மிஞ்சிய இரண்டே அதற்கு நிறைவு.

தொட்டிக்குள் போடும் மோட்டார் ஃபில்டர். மாதம் ஒரு தடவை கழுவுகிறேன். எந்த வரிசையில் கழட்டி, எதை எப்படிக் கழுவ வேண்டும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், கன்னங்குறிச்சி

மாதக் கணக்கை விடுங்கள், ஓட்டத்தைப் பாருங்கள். புதிதாகப் போட்ட அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு தூரம் பீய்ச்சியது, மேற்பரப்பு எவ்வளவு அலைந்தது என்பது நினைவிருக்கும். அது பாதியானால் கழுவும் நாள் வந்துவிட்டது. கோல்டுஃபிஷ், ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர் மாதிரி நிறையத் தின்று நிறைய எச்சம் விடும் மீன்களுக்கு வாரம் ஒன்றிரண்டில் வந்துவிடும். நாலு டெட்ரா இருக்கும் தொட்டியில் இரண்டு மாதம்கூடப் போகும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறோம். தண்ணீர் மாற்ற ட்யூப் வைத்து எடுக்கும்போது முதல் பக்கெட்டைக் கீழே ஊற்றாமல் வையுங்கள். கழுவும் தண்ணீர் அதுதான். இன்னொரு காலி பக்கெட்டை ஃபில்டருக்குக் கீழே பிடித்து, இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். சும்மா தூக்கினால் ஸ்பாஞ்சிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீர் தொட்டி முழுக்கப் பரவி, இரண்டு நாளைக்கு மீன் கண்ணுக்குத் தெரியாது.

மோட்டார் தலையைப் பிடித்துக்கொண்டு கீழ்க் கூட்டை இழுத்தால் பிரிந்துவிடும். ஸ்பாஞ்சை எடுத்துப் பக்கெட்டில் முக்கிப் பிழியுங்கள், விடுங்கள், மறுபடி பிழியுங்கள். நாலைந்து முறை போதும். முறுக்கக் கூடாது; முறுக்கினால் ஆறே மாதத்தில் பிய்ந்துவிடும். தண்ணீர் காப்பி நிறத்திலிருந்து டீ நிறத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஸ்பாஞ்ச் வெள்ளையாக வேண்டாம், பழுப்பாகவே இருக்கட்டும். ஊதிப் பார்த்தால் காற்று போக வேண்டும், அவ்வளவுதான். சோப்பு, டிடர்ஜென்ட், வெந்நீர் மூன்றும் பக்கத்திலேயே வரக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் கையோடு வந்தால்கூடக் கையை நன்றாக அலசிவிட்டுத் தொடுங்கள். ஸ்பாஞ்ச் இரண்டு இருந்தால் இன்றைக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது.

அடுத்தது இம்பெல்லர். கடைக்காரர் விசிறி என்பார். மோட்டாரின் முன்மூடியை அரைச்சுற்றுத் திருப்பினாலோ நகத்தால் நெம்பினாலோ கழன்றுவிடும். உள்ளே சின்ன விசிறி, அதற்குப் பின்னால் கறுப்பு உருளையாகக் காந்தம், நடுவில் தீக்குச்சியைவிடச் சற்று மெல்லிய வெள்ளைத் தண்டு. அந்தத் தண்டு பெரும்பாலான மாடல்களில் செராமிக். வளையாது, படாரென்று உடையும். நேராக இழுத்து எடுங்கள், சாய்க்காதீர்கள். இரண்டு முனையிலும் குன்றிமணி அளவில் ரப்பர் புஷ் இருக்கும். குழாய்த் தண்ணீரோடு சாக்கடையில் போவது எப்போதும் அதுதான். ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

இந்தப் பாகங்களைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவலாம். இங்கே காக்க வேண்டிய நுண்ணுயிர் அதிகமில்லை. விசிறிக்குப் பழைய பல் பிரஷ், காந்தம் உட்காரும் குழிக்கு காது பட்ஸ். குழிக்குள் வழவழப்பு படிந்தால்தான் மோட்டார் சூடாகும், சத்தம் போடும். ஓட்டம் பாதியாவதற்கு ஸ்பாஞ்ச்தான் காரணம் என்று எல்லோரும் அதையே துவைக்கிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி இந்தக் குழிதான். கழுவி முடித்து விசிறியை உள்ளே விட்டதும் விரலால் சுற்றிப் பாருங்கள். அரைச்சுற்று வழுக்கிப் போய், காந்தம் இழுத்து, 'டக்'கென்று நிற்க வேண்டும். கரகரத்தால் மணல் உள்ளே இருக்கிறது.

மூடி, தொட்டிக்குள் முழுக்க முக்கி, சாய்த்து ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். குமிழி நின்ற பிறகு பிளக் போடுங்கள். கழற்றியதிலிருந்து ஓடத் தொடங்குவது வரை அரை மணி நேரத்துக்குள் முடியட்டும். அதுவரை ஸ்பாஞ்ச் பக்கெட்டுத் தண்ணீரிலேயே கிடக்கட்டும், வெயிலில் காயக் கூடாது. அன்றைக்குத் தீவனம் பாதிதான். தொட்டியின் கல்லைக் கிளறிச் சுத்தம் செய்யும் வேலை இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

எங்களுக்குப் போர் தண்ணிதான். மோட்டார் 'ர்ர்'ரென்று உறுமுகிறது, தண்ணி வரவில்லை. கழட்டிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கிறது. மோட்டார் போய்விட்டதா?
– வாசகர், சூரமங்கலம்

போகவில்லை. உறுமினாலே சுருளில் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். விசிறி சுற்ற முடியாமல் மாட்டியிருக்கிறது.

மாக்னசைட் என்ற மக்னீசியத் தாது இருக்கும் சாக் ஹில்ஸ் பக்கத்தில் நிலத்தடி நீரில் மக்னீசியமும் கால்சியமும் கலந்து வருவதில் வியப்பில்லை. மோட்டார் சூட்டில் அந்த உப்புகள் முதலில் படிவது காந்தக் குழியில்தான். தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா, அதே சரக்கு. கத்தியால் சுரண்ட வேண்டாம். கடையில் விற்கும் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, விசிறி, தண்டு, மூடி மூன்றையும் கிண்ணத்தில் ஊறப் போடுங்கள். மோட்டாரின் குழியை மேல்நோக்கிப் பிடித்து அந்தக் கலவையை அதற்குள் மட்டும் ஊற்றி நிறுத்துங்கள். பிளக்கும் வயர் முனையும் நனையக் கூடாது. பொடிப்பொடியாக நுரை எழும். நுரை அடங்க 20 நிமிடம், அரை மணி ஆகும். பட்ஸால் துடைத்தால் மாவு மாதிரி வரும். பிடிவாதமாக இருந்தால் இன்னொரு முறை ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், நேரம்தான் கூடும். கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட் மட்டும் வேண்டாம். கடைசியில் மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஸ்பாஞ்சுக்கும் செராமிக் வளையங்களுக்கும் வினிகரைக் காட்டாதீர்கள்.

வெள்ளை போன பிறகும் சுற்றவில்லை என்றால் தண்டு உடைந்திருக்கும், அல்லது காந்த உறை விரிசல் விட்டு உப்பியிருக்கும். விரலால் தடவினால் வீக்கம் தெரியும். விசிறி மட்டும் தனியாகக் கிடைக்கும். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்; மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் காந்தத்தின் நீளம் 2 மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டால் பொருந்தாது. சத்தம் வருகிறது, ஆனால் தண்ணீரும் வருகிறது என்றால் சின்ன நத்தை ஏதாவது உள்ளே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செடியோடு இலவசமாக வந்து சேருபவை அவை.

கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருக்கிறேன். மே மாதம் இடி மழைக்குக் கரன்ட் போய் 7 மணி நேரம் கழித்து வந்தது. ஃபில்டர் தானாக ஓட ஆரம்பித்தது. அழுகிய முட்டை நாற்றம், மறுநாள் 5 மீன் போய்விட்டன. கரன்ட் போனால் ஃபில்டரை என்ன செய்வது?
– வாசகர், தாரமங்கலம்

கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்ற கணத்திலிருந்து உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் அங்கே மிச்சமுள்ள ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கின்றன. கோடையில் தண்ணீர் 30 டிகிரி என்றால் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிப்பதே அதிகம். ஸ்பாஞ்சில் எவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அது தீரும். பிறகு உள்ளே வேறு வகை பாக்டீரியா எழுந்து கந்தக வாயு உண்டாக்கும். அந்த முட்டை நாற்றம் அதுதான். கரன்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் முழுக்க ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டுகிறது.

ஒரு மணி நேரம் வரை போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தானாக ஓடக் கூடாது என்பதுதான் முக்கியம். இரண்டு, மூன்று மணி நேரம் தாண்டினால் வால்வுகளை மூடி, டப்பாவைத் திறந்து, கூடைகளைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டுக்கு மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் இருந்தால் ஒரு ஸ்டோன் அதில், ஒன்று தொட்டியில். டப்பாவில் நின்ற தண்ணீர் தொட்டிக்குத் திரும்பவே கூடாது. கரன்ட் வந்த பிறகு கூடைகளை ஒரு முறை அலசி அடுக்கி ஓட்டுங்கள்.

இன்வர்ட்டரில் ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 20 வாட் மோட்டார் பேட்டரிக்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் சதுர அலை இன்வர்ட்டரில் இந்த மோட்டார்கள் உறுமிச் சூடாகும், சைன் அலையில் சத்தமில்லாமல் ஓடும்.

வழக்கமாகக் கழுவும்போது கவனிக்க வேண்டியது ஓ ரிங். மூடியைச் சுற்றியுள்ள அந்த ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் ராத்திரி முழுக்கச் சொட்டி, காலையில் ஹால் குளமாகிவிடும். துணியால் துடைத்து, கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டாம். நாளாவட்டத்தில் ரப்பர் ஊதி இளகிவிடும். கூடைகளில் தண்ணீர் முதலில் தொடும் இடத்தில் பெரிய துளை ஸ்பாஞ்ச், அடுத்து நுண்துளை ஸ்பாஞ்ச், பிறகு செராமிக் வளையங்கள், கடைசியில் ஃபில்டர் பஞ்சு. பஞ்சை மட்டும் தூக்கிப் போட்டுப் புதுசு வைக்கலாம். வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்தால் முடிந்தது, அதுவும் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை. மூடிய பிறகு டப்பாவில் தண்ணீர் நிறைந்து, குழாயில் குமிழி நின்ற பிறகே பிளக். காற்று மாட்டினால் டப்பாவை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்துக் குலுக்கினால் வெளியேறும்.

ஏற்காட்டில் இருக்கிறோம். தொட்டி ஓரத்தில் மாட்டும் ஹேங் ஆன் ஃபில்டர். கீழே சேலத்தில் தம்பி வீட்டில் இதே ஃபில்டர், இதே மீன், ஒரு பிரச்சினையும் இல்லை. இங்கே குளிர்காலத்தில் கழுவினால் அடுத்த ஒரு வாரம் மீன்கள் சோர்ந்து கிடக்கின்றன. சத்தியமாகத் தொட்டித் தண்ணியில்தான் கழுவுகிறோம்.
– வாசகி, ஏற்காடு

நம்புகிறோம். தவறு உங்கள் கையில் இல்லை, மலையில் இருக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் இரண்டு விஷயம் மாறுகிறது.

ஒன்று, குளிர். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் ஹீட்டர் இல்லாத தொட்டி 16, 17 டிகிரிக்கு இறங்குவதுண்டு. தண்ணீர் 10 டிகிரி குறைந்தால் ஃபில்டர் நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சேலத்தில் ஸ்பாஞ்சைப் பிழிந்து கால்வாசி போனாலும் மீதி சமாளித்துவிடும். உங்கள் ஊரில் அந்த மிச்சம் இல்லை. குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனை அதிகம் பிடிக்குமே என்று தோன்றும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அந்த லாபம் அங்கேயே கழிந்துவிடுகிறது. ஏற்காட்டின் 20 டிகிரித் தண்ணீரும் சேலத்தின் 30 டிகிரித் தண்ணீரும் பிடிக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஊற்று, மழைத் தண்ணீர் மென்மையானது, அதில் அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை குறைவு. ஃபில்டர் நுண்ணுயிர்கள் அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அமோனியா வடிவிலுள்ள நைட்ரஜன் 1 மில்லிகிராமுக்கு 7 மில்லிகிராம் கார்பனேட் காரத்தன்மை செலவாகும். சேலத்துப் போர் தண்ணீரில் அது கொட்டிக் கிடக்கிறது. உங்கள் தண்ணீரில் சில வாரத்தில் தீர்ந்துவிடும். பிஎச் 6-ஐ நெருங்கினால் அவை ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமிலத் தண்ணீரில் சேர்ந்த அமோனியா பெரும்பாலும் விஷமற்ற வடிவில் இருப்பதால் மீன் சமாளித்துக்கொண்டு நீந்தும். யாராவது கீழே இருந்து போர் தண்ணீர் கொண்டுவந்து பாதித் தொட்டி மாற்றினால் பிஎச் ஏறி, அதில் ஒரு பகுதி ஒரே மணி நேரத்தில் கடும் விஷமாகும். ஆகவே முதலில் அமோனியா டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதே மலைத் தண்ணீரில் தினமும் பத்தில் ஒரு பங்கு மாற்றி இறக்குங்கள். இறங்கிய பிறகு ஒரு கைப்பிடி கடல் கிளிஞ்சலை, சுமார் 100 கிராம், நன்றாகக் கழுவி வலைப்பையில் போட்டு ஃபில்டர் பெட்டிக்குள் வையுங்கள். தண்ணீர் அமிலமாக ஆக அதுவே கரைந்து ஈடுகட்டும். சீக்கிரம் வேண்டுமென்றால் ஆப்பச் சோடா: 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் காரத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராம் ஏறும். ஒரே நாளில் போடாமல் கால் கால் டீஸ்பூனாக நாலு நாள்.

ஹீட்டர் 24, 25 டிகிரிக்கு வைத்தால் உங்கள் பிரச்சினையில் பாதி தீரும். கோல்டுஃபிஷ் மட்டும்தான் என்றால் வேண்டியதில்லை. குளிர்காலத்தில் தீவனத்தைக் குறையுங்கள், ஸ்பாஞ்சை இரண்டே பிழி பிழியுங்கள். ஹேங் ஆனில் பெட்டியைக் கழுவிய பிறகு அதைத் தொட்டித் தண்ணீரால் நிரப்பிவிட்டே பிளக் போட வேண்டும். வெறும் பெட்டியோடு ஓடினால் விசிறி காய்ந்து தேயும். கரன்ட் போய் வரும் ஊரில் தொட்டித் தண்ணீர் மட்டம் ஒரு அங்குலம் இறங்கினாலும் அது தானாக இழுக்காது. மட்டத்தை மேலேயே வையுங்கள்.

அட்டைப்பெட்டியில் 'மாதம் ஒரு முறை கார்ட்ரிட்ஜ் மாற்றவும்' என்று போட்டிருக்கிறது. மாற்றணுமா?
– வாசகர், அம்மாபேட்டை

அது கார்ட்ரிட்ஜ் விற்பவரின் யோசனை. உள்ளே இருக்கும் கரி 4 வாரத்தில் நிறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் நிறைந்த கரி மீனுக்குக் கெடுதல் செய்யாது, சும்மா கிடக்கும். சாதாரணத் தொட்டிக்குக் கரியே தேவையில்லை. மருந்து போட்டு முடித்த பிறகு மிச்சத்தை உறிஞ்ச ஒரு வாரம் வைத்து எடுத்துவிடலாம். கார்ட்ரிட்ஜ் இருக்கும் இடத்தில் அளவுக்கு வெட்டிய சாதா ஸ்பாஞ்சை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வருடம் வரும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட விட்டுப் பிறகு பழையதை எடுங்கள்.

கப்பிக் குஞ்சுத் தொட்டியில் ஏர் பம்ப் ஸ்பாஞ்ச் ஃபில்டர். குமிழி நன்றாக வருகிறது, ஆனாலும் தண்ணி கலங்கல்.
– மாணவர், வாழப்பாடி

குமிழி வருவது பம்ப் ஓடுவதற்கு அடையாளம், ஸ்பாஞ்ச் இழுப்பதற்கு அல்ல. ஒரு துளி தீவனத் தூளை ஸ்பாஞ்ச் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறது. பிழியும்போது நடுக்குழாயையும் பிரஷ் விட்டுத் தேயுங்கள். குஞ்சுகள் ஸ்பாஞ்சின் மேல் மேய்வதால் முதலில் தட்டி விரட்டிவிட்டு எடுங்கள். பம்ப் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் ஒரு செக் வால்வு கட்டாயம். கரன்ட் போனால் தண்ணீர் பின்னோக்கி வடிந்து பம்புக்குள் இறங்கிவிடும்.

வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து போட்டேன். ஃபில்டரையும் கழுவித்தான் ஆகணுமா?
– வாசகர், ஆத்தூர்

மருந்து நடக்கும்போது ஃபில்டரைத் தொடாதீர்கள். கரி இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். மெத்திலீன் புளூ போட்டிருந்தால் அதுவே ஃபில்டர் நுண்ணுயிர்களைப் பாதிக்கும், கூடவே நீங்களும் கழுவினால் மிச்சம் இராது. மீன் எல்லாம் போய்த் தொட்டியே காலியான நிலை என்றால் கதை வேறு. அப்போது ஸ்பாஞ்ச், வலை, ட்யூப் எல்லாவற்றையும் கழுவி, மொட்டை மாடி வெயிலில் எலும்பாகக் காயும் வரை மூன்று நாள் போடுங்கள். ஆத்தூர் வெயிலுக்கு அது கஷ்டமில்லை. பிறகு முதலிலிருந்து 4 முதல் 6 வாரக் கணக்குதான்.

ஃபில்டர் ஓடும்போது தண்ணியில் கை வைத்தால் லேசாக 'சுர்'ரென்கிறது. அப்புறம், கழுவின கறுப்புத் தண்ணியைச் செடிக்கு ஊற்றலாமா?
– வாசகி, கொண்டலாம்பட்டி

முதல் கேள்விக்கு: இனி ஒரு முறைகூடக் கை வைக்காதீர்கள். மோட்டாரின் பிசின் உறையிலோ வயரிலோ விரிசல் விட்டிருக்கிறது. வீட்டு வயரிங்கில் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் வயரில் கரன்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கச் சொல்வது அதனால்தான். அந்த மோட்டாரை டேப் சுற்றி ஓட்டாமல் தூக்கிப் போடுங்கள். புதிது மாட்டும்போது வயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல், நடுவில் பிளக் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும், பிளக்குக்கு ஏறாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்க வேண்டாம், சுவரில் மாட்டுங்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள், தொட்டி இருக்கும் வீட்டுக்கு அது ஆடம்பரம் இல்லை.

கறுப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ரொம்பப் பிடிக்கும். தொட்டியில் உப்போ மருந்தோ போட்டிருந்த வாரத்தில் மட்டும் சாக்கடையிலேயே விடுங்கள்.